‘டக்’ சத்தம் வராத ஏசி

சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரையின் கோரிப்பாளையத்திலும் தல்லாகுளத்திலும் கார்கள் ஊர்வதுகூட இல்லை, நின்றுவிடுகின்றன. வெளியே வெயில் 40 டிகிரியைத் தொட்டிருக்கும். உள்ளே ஏசி பட்டனில் விளக்கு எரியும், ஃபேன் முழு வேகத்தில் ஊதும், வருவது மட்டும் அடுப்பங்கரைக் காற்று. மறுநாள் வண்டியை ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினால், பானெட்டைத் திறக்கும் முன்பே இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வந்துவிடும். ‘கேஸ் இல்லண்ணே, அடிச்சுவிட்டா சரியாயிரும்’ என்பது ஒன்று. ‘கம்ப்ரசர் போயிருச்சுண்ணே, மாத்தணும்’ என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சில ஆயிரம் ஆகும், இரண்டாவதற்கு அதைப் போலப் பல மடங்கு. இரண்டுமே ஏதோ சில வண்டிகளில் சரியாகவும் இருக்கும். ஆனால் கம்ப்ரசர் ‘பிடிக்கவில்லை’ என்ற ஒரே அறிகுறியை வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் சொல்ல வழியில்லை. ஏசி போட்டும் கம்ப்ரசர் சுற்றாத வண்டிகளில் பெரும்பாலும் அது கெட்டுப்போய் நிற்பதில்லை, யாரோ நிற்கச் சொல்லி நிற்கிறது. சொன்னது யார், எதற்காகச் சொன்னது என்று கண்டுபிடிக்காதவரை செலவழிக்கிற பணம் குருட்டாம்போக்கில் எறிகிற கல்தான்.

கம்ப்ரசருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கிளட்ச் இருப்பதே கார் வைத்திருக்கும் பலருக்குத் தெரியாது. 1939-ல் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் காரில் ஏசி வைத்து விற்பதாக அறிவித்தபோது அந்தக் கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்று தோன்றினால் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து கம்ப்ரசர் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்தத் தொல்லைக்குப் பிற்காலத்தில் வந்த தீர்வுதான் மின்காந்தக் கிளட்ச். இன்ஜின் ஓடுகிற நேரமெல்லாம் பெல்ட் ஒரு புல்லியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் புல்லி பேரிங்கின் மேல் சும்மா சுற்றுகிறது, கம்ப்ரசரின் உள்தண்டோடு அதற்கு ஒட்டுறவு இல்லை. தண்டோடு பிணைந்திருப்பது புல்லிக்கு முன்னால் தெரியும் வட்டமான இரும்பு பிளேட். புல்லிக்குப் பின்னால் செம்புக் கம்பி சுற்றிய காயில் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதற்கு 12 வோல்ட் கரண்ட் போனதும் காந்தமாகி பிளேட்டை இழுக்கும், பிளேட் ‘டக்’கென்று புல்லியில் ஒட்டும், கம்ப்ரசர் சுற்றத் தொடங்கும். கரண்ட் நின்றதும் பிளேட்டில் உள்ள தகட்டு ஸ்பிரிங்குகள் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். ஒட்டாமல் இருக்கும்போது இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், அதாவது ஜெராக்ஸ் தாள் நாலைந்தின் கனம். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். வேட்டி நுனியும் துப்பட்டாவும் பெல்ட் பக்கம் போகாமல் ஒதுங்கி நின்றுகொண்டு, இன்ஜின் ஓடும்போது பார்த்தால் போதும். ஏசி போட்டதும் நடுவில் இருக்கும் பிளேட்டும் சேர்ந்து சுற்றுகிறதா, புல்லி மட்டும் சுற்றுகிறதா? துப்பறிதல் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டனை அழுத்துகிறோமே, கரண்ட் நேராகக் காயிலுக்குப் போகாதா என்றால், போகாது. தாலுகா ஆபீசில் கொடுத்த மனு மாதிரி அது பல மேசைகளைத் தாண்ட வேண்டும். முதலில் உள்ளே காற்று ஊதும் புளோயர் ஓட வேண்டும், ஓடாவிட்டால் பல வண்டிகளில் அங்கேயே நிறுத்தம். கூலிங் காயிலில் செருகியிருக்கும் தெர்மிஸ்டர் என்ற சென்சார், அங்கே பனி கட்டும் அளவுக்குக் குளிர்ந்துவிடவில்லை என்று சொல்ல வேண்டும். கண்டன்சரை ஒட்டிய குழாயில் இருக்கும் பிரஷர் சுவிட்ச், கேஸின் அழுத்தம் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே இருப்பதாகச் சொல்ல வேண்டும். இன்ஜினின் மூளையான இ.சி.எம். கடைசிக் கையெழுத்துப் போட வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் கொதிநிலையை நெருங்கினாலோ, மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலோ அது கையெழுத்தை மறுக்கும். எல்லாம் சரி என்றால் ரிலே ஒட்டி, ஃபியூஸ் வழியாகக் கரண்ட் காயிலை அடையும். இத்தனை பேரில் ஒருவர் மறுத்தாலும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுதான்: பிளேட் சுற்றாது. காய்ச்சல் என்றதும் இன்ன நோய் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

இந்த மேசைகளில் அதிகம் மறுப்பதும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் பிரஷர் சுவிட்ச்தான். இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். மூடிய குழாய்க்குள் கொஞ்சமாவது திரவமாக இருக்கும்வரை அதன் அழுத்தத்தை வெப்பநிலையே தீர்மானிக்கும். இன்ஜின் ஓடாமல், நிழலில் வெகுநேரம் நின்ற வண்டியில் 30 டிகிரிக்கு ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ., 35 டிகிரிக்கு 114, 40 டிகிரிக்கு 133 காட்ட வேண்டும். மதுரையின் மே மாத மதியத்தில் பிரஷர் கேஜ் மாட்டினால் 20 காட்டுகிறதென்றால் கேஸ் எங்கோ வெளியேறிவிட்டது. அழுத்தம் ஏறக்குறைய 30-க்குக் கீழே போனால் சுவிட்ச் கரண்டை வெட்டிவிடும், அதற்கு நல்ல காரணமும் உண்டு. கம்ப்ரசருக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் எண்ணெய் கேஸோடு கலந்து ஊரெல்லாம் சுற்றி வந்துதான் பாகங்களை நனைக்கிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் எண்ணெய் திரும்பி வராது, உலோகம் உலோகத்தோடு உரசும், கம்ப்ரசர் இறுகிப்போகும். ஆக, கேஸ் ஒழுகிய வண்டியில் கிளட்ச் பிடிக்காமல் நிற்பது பழுதே கிடையாது, கம்ப்ரசரின் உயிரைக் காப்பாற்றும் வேலை அது. இங்கேதான் ‘டைரக்ட் அடிச்சுவிடு’ என்ற வைத்தியம் வருகிறது. சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கினால் ‘டக்’ சத்தம் கேட்கும், வாடிக்கையாளர் முகம் மலரும். சோதனைக்காக ஒரு நொடி அப்படிச் செய்து பார்ப்பதுண்டு. அப்படியே டேப் சுற்றி அனுப்புவது, நல்ல கம்ப்ரசருக்கு நாள் குறித்து அனுப்புவது.

மேல் எல்லையின் கதை வேறு. அழுத்தம் 400 பி.எஸ்.ஐ. பக்கம் ஏறினாலும் சுவிட்ச் வெட்டும், இல்லையென்றால் குழாயோ சீலோ பிய்த்துக்கொள்ளும். காருக்குள் இருந்து உறிஞ்சிய சூட்டை வெளியே கொட்டுகிற இடம் கண்டன்சர். நான்குவழிச் சாலையில் திருமங்கலம் நோக்கி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே அதைக் குளிர்விக்கும். காளவாசல் சிக்னலில் நிற்கும்போது காற்று எங்கிருந்து வரும்? முன்னால் இருக்கும் ஃபேன்தான் கதி. அந்த ஃபேனின் மோட்டார் தேய்ந்திருந்தாலோ, மேலூர்ப் பக்கத்துக் குவாரித் தூசியும் அறுவடைக் காலத்துச் சருகும் கண்டன்சர் இடுக்குகளை அடைத்திருந்தாலோ, நின்ற சில நிமிடங்களில் அழுத்தம் ஏறி கிளட்ச் விடும். வண்டி நகர்ந்ததும் பிடிக்கும், அடுத்த சிக்னலில் மறுபடி விடும். ‘பைபாஸ்ல நல்லா கூலாகுது, டவுனுக்குள்ள வந்தா போயிருது’ என்று சொல்லும் வாடிக்கையாளர் நோயின் பெயரையே சொல்லிவிட்டார். அதைக் காதில் வாங்காமல் இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற்றினால் அழுத்தம் மேலும் ஏறி, முன்பு பத்து நிமிடம் தாங்கிய ஏசி ஐந்தே நிமிடத்தில் விட்டுவிடும். வேண்டியது கேஸ் சிலிண்டர் அல்ல, மெதுவாகப் பீய்ச்சும் ஒரு தண்ணீர்க் குழாயும், ஃபேன் மோட்டாருக்கு வரும் கரண்ட்டை அளக்க ஒரு மீட்டரும்தான்.

நம் வெயிலுக்கென்றே அமைந்தது போன்ற இன்னொரு பழுது உண்டு, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஏசி பிரமாதமாக இருக்கும். அரை மணி ஓடியதும் விட்டுவிடும். நிறுத்திவைத்து, இன்ஜின் ஆறிய பிறகு எடுத்தால் மறுபடியும் வேலை செய்யும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், வரிசையில் நின்று ஆறிப்போனதால் அங்கேயும் ஒழுங்காகவே ஓடும். இதன் ரகசியம் அந்த அரை மில்லிமீட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் பிளேட்டும் புல்லியும் கடுகளவிலும் கடுகளவு தேய்கின்றன. காலப்போக்கில் இடைவெளி 0.5 மில்லிமீட்டரிலிருந்து 0.8, 0.9 என்று விரிகிறது. காந்தத்தின் இழுவை தூரம் கூடினால் சட்டென்று குறைகிற சங்கதி. இதோடு சூடும் சேர்கிறது. செம்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் தன் மின்தடையை ஏறக்குறைய 0.4 சதவீதம் கூட்டிக்கொள்ளும். 30 டிகிரியில் 3.5 ஓம் காட்டும் காயில், பானெட்டுக்குள் 110 டிகிரிக்குச் சூடேறினால் 4.5 ஓமைத் தாண்டிவிடும். 13.5 வோல்ட்டில் முன்பு 3.9 ஆம்பியர் ஓடிய இடத்தில் இப்போது 3 ஆம்பியர்தான் ஓடும். தேயாத கிளட்ச்சுக்கு அது போதும், விரிந்த இடைவெளியைத் தாண்டி பிளேட்டை இழுக்கப் போதாது. கரண்ட் வருகிறது, காயில் நன்றாக இருக்கிறது, கேஸ் இருக்கிறது, ஆனாலும் ‘டக்’ இல்லை. பிளேட்டைக் கழற்றி, நடுத்தண்டில் இருக்கும் மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினால் இடைவெளி பழைய அளவுக்கு வந்துவிடும். ஃபீலர் கேஜ் என்ற தகட்டுக் கத்தையை நுழைத்து மூன்று இடங்களில் அளந்து பார்த்தால் வேலை முடிந்தது. புதுப் பொருள் ஒன்றுமே வாங்க வேண்டாம். இந்த ஒரு வாஷருக்காகவே முழுக் கம்ப்ரசரையும் தூக்கி எறிந்த வண்டிகள் எத்தனை ஓடுகின்றனவோ.

கரண்ட்டே வராத வண்டிகளில் வேலை இன்னும் எளிது, பொறுமை இருந்தால். ஆனால் மல்டிமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. காயிலின் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும், மாட்டினால் கிளட்ச் பிடிக்காது. கருகிய ரிலே முனையும் பச்சை பூத்த ஒயர் இணைப்பும் மீட்டருக்கு வேண்டிய துளிக் கரண்ட்டைக் கொடுத்துவிடும், காயில் கேட்கும் நாலு ஆம்பியரைக் கொடுக்காது. அதனால்தான் அனுபவசாலிகள் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரை ஒட்டவைத்துக்கொள்கிறார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் கரண்ட் நிஜம், மங்கினால் வழியில் எங்கோ அடைப்பு. ரிலேயைச் சந்தேகித்தால் அதே அளவுள்ள ஹாரன் ரிலேயை மாற்றிச் செருகிப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. ஃபியூஸ் போயிருந்தால் புது ஃபியூஸ் போட்டதோடு நிறுத்தாமல் ஏன் போனது என்று கேட்க வேண்டும். காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது எலி வேலையாக இருக்கலாம். வயலோரம் வண்டி நிறுத்துகிற வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்தில் இந்த எலிச் சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது.

இதற்கெல்லாம் மெக்கானிக்குகள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ‘கேஸ் அடிச்சா ஓடுதில்ல? அப்புறம் எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?’ ஓடுகிறது என்பது உண்மை. கேஸ் குறைந்து கீழ் எல்லையில் வெட்டிய வண்டியில் கேஸ் ஏற்றினால் கிளட்ச் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் பெட்ரோல் தீர்வதுபோல் ஏசி கேஸ் தீர்வதில்லை. மூடிய சுற்றில் அது எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. ரப்பர் ஹோஸ் வழியாகவும் தண்டின் சீல் வழியாகவும் பல வருடங்களில் சிறிதளவு கசியும், அவ்வளவுதான். வருடா வருடம் சித்திரைக்குச் சித்திரை கேஸ் கேட்கும் வண்டியில் ஓட்டை இருக்கிறது. நைட்ரஜனை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி அதைக் காட்டிக்கொடுக்கும். ஓட்டை வழியாக எண்ணெயும் போகிறது, அழுத்தம் இறங்கியபின் ஈரக்காற்று உள்ளே வருகிறது. அந்த ஈரத்தை வெளியேற்ற அரை மணி நேரமாவது வேக்கம் போட வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு மேலே மேலே கேஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மட்டுமல்ல, குடத்தையும் அரிக்கவிடுவது. இன்னொன்றும் இருக்கிறது. நின்ற வண்டியில் 114 பி.எஸ்.ஐ. காட்டுவதால் கேஸ் நிறைவாக இருப்பதாக நினைப்பதும் தப்பு. உள்ளே துளி திரவம் இருந்தாலும் அதே அளவுதான் காட்டும், 450 கிராம் இருந்தாலும் அதேதான். அளவை உறுதிசெய்ய ஒரே வழி, முழுக்க எடுத்துவிட்டு, பானெட்டின் உட்புற ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் கிராம் கணக்குப்படி எடைபோட்டு ஏற்றுவது.

வெளியேறிய கேஸ் எங்கே போகிறது என்ற கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறு வருடக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாக பூமியைச் சூடாக்குகிறது. ஒரு காரின் 450 கிராம் என்பது சுமார் 640 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் அவ்வளவு புகையைக் கக்க வேண்டுமானால் மதுரையிலிருந்து சென்னைக்கு நாலரை முறை போய்வர வேண்டும். இத்தகைய கேஸ்களைக் குறைக்க 2016-ல் கிகாலியில் உடன்பாடு ஏற்பட்டது, 2021-ல் இந்தியா அதை ஏற்றது. அதன்படி 2032 முதல் 2047 வரை இந்த வகைக் கேஸ்களை நாம் படிப்படியாக 85 சதவீதம் குறைக்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றும் பழக்கத்துக்கு அந்தக் காலத்தில் சிலிண்டர் விலையே பதில் சொல்லும்.

இன்னொரு எதிர்வாதம், ‘கம்ப்ரசர் சாகவே சாகாதா?’ என்பது. சாகும். ஆனால் செத்ததன் அடையாளங்கள் வேறு. கிளட்ச் பிடிக்கும், உடனே பெல்ட் கிறீச்சிடும், ரப்பர் வாடை வரும்; இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் பிளேட்டைத் திருப்பினால் அசையாது. அல்லது கிளட்ச் பிடித்து நன்றாகச் சுற்றும், ஆனால் கேஜின் இரண்டு முள்ளும் சேர்ந்தே நிற்கும். அழுத்தம் ஒரு பக்கம் ஏறாமலும் மறுபக்கம் இறங்காமலும் இருந்தால் உள்ளே வால்வு போய்விட்டது. அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். கூடவே ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, குழாய்களில் சேர்ந்த உலோகத் துகளையும் வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் புதிய கம்ப்ரசரும் பழையதன் வழியே போகும். கவனித்துப் பார்த்தால், சாவின் இந்த அடையாளங்களில் கிளட்ச் பிடிக்காமல் நிற்பது என்பது இல்லவே இல்லை.

புதிய மாடல்களில் கிளட்ச்சே கிடையாது, இந்தப் பாடமெல்லாம் பழசு என்பார்கள் சிலர். சில கார்களில் புல்லியோடு தண்டு எப்போதும் சுற்றும். ஒரு மின்வால்வு உள்ளே பிஸ்டனின் வீச்சைக் கூட்டியும் குறைத்தும் குளிரைக் கட்டுப்படுத்தும். அங்கே ‘டக்’ கேட்கவில்லை என்று கம்ப்ரசரைக் குறைசொன்னால் அது அறியாமை. ஆனால் மேசைகள் அப்படியேதான் இருக்கின்றன: தெர்மிஸ்டர், பிரஷர் சென்சார், இ.சி.எம். ஸ்கேனர் மாட்டினால் ஏசி கேட்கப்பட்டதா, அனுமதி கிடைத்ததா, அழுத்தம் எவ்வளவு என்று எழுத்திலேயே காட்டும். துப்பறிய முன்பைவிட வசதிதான். மின்சாரக் கார்களில் மட்டும் கைவைக்கக் கூடாது. அவற்றின் கம்ப்ரசர் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஓடுவது, ஆரஞ்சு நிற ஒயரைத் தொடப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

அப்படியானால் தீர்ப்பு அவசரமாக வருவது ஏன்? மெக்கானிக்குக்குத் தெரியாமல் இல்லை. நாம்தான் பொருளுக்குப் பணம் கொடுக்கிறோம், கண்டுபிடிப்புக்குக் கொடுப்பதில்லை. ஒரு மணி நேரம் கேஜும் பல்புமாக அலைந்து, வாஷர் ஒன்றை எடுத்து ஓடவைத்தவர் 800 ரூபாய் கேட்டால், ‘ஒண்ணுமே மாத்தலையே, இதுக்குப் போயா?’ என்று பேரம் பேசுகிற ஊர் இது. அதே ஆள் கம்ப்ரசரை மாற்றி அட்டைப்பெட்டியைக் காட்டினால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறோம். 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் தொழிலைத் தொடங்கிய ஊரும் இதுதான். சாலையில் சிதறிக்கிடந்த லாட ஆணிகளைப் பொறுக்க அவர் காந்தம் பொருத்திய வண்டியை ஓடவிட்டார் என்று சொல்வதுண்டு. பஞ்சர் ஒட்டுவதைவிட ஆணியைத் தேடுவது லாபம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. ரிங் ரோட்டில் வரிசைகட்டும் லாரிகளும் இனி இதே வாசலுக்கு வரும். குவாரித் தூசியிலும் கொளுத்தும் இன்ஜின் சூட்டிலும் அவற்றின் கிளட்ச்சுகள் கார்களைவிடச் சீக்கிரம் தேயும். அன்றைக்கு பில்லில் ‘கேஸ் ஃபில்லிங்’ என்ற ஒற்றை வரி போதாது. நின்றபோது அழுத்தம் எவ்வளவு, காயிலுக்கு வந்த கரண்ட் எவ்வளவு, பிளேட் இடைவெளி எவ்வளவு, ஏற்றிய கேஸ் எத்தனை கிராம் என்று நாலு எண்கள் எழுதியிருக்க வேண்டும். கேட்டால் எழுதித் தருவார்கள். கேஜ் கையில் இருக்கிறவருக்கு அது இரண்டு நிமிட வேலை.